கடல் கணக்குக்கும் ஜமாபந்தி வேண்டும்

(எரியோட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எரியோட்டிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் கடலை அளக்கும் கருவிகளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் நம் வட்டத்திலேயே இருக்கிறது. அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டிய மண் அணை 1977இல் வெள்ளத்தில் உடைந்தது. அணைக்கு ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் ஏறிவந்த நேரத்தில் மின்சாரம் நின்றுபோனதால் அவற்றை ஓரளவுக்குத்தான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், கையால் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் கரைக்கு மேல் ஏறி, பின்புறச் சரிவை அருவி போல அரித்துக்கொண்டு இறங்கியது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் அகலம் வரை பல இடங்களில் உடைப்பு. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. உள்நாட்டைக் குறுக்காகக் கடந்த அந்தப் புயல், மறுநாள் காலை கேரளத்தைத் தாண்டி மேற்குக் கடலில் இறங்கியது. 560 பேர் மாண்டார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவும் நம் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்துதான் மேற்கே போனது. ஷட்டர் தூக்க முடியாமல் போனதற்குக் கடல் பொறுப்பில்லைதான். ஆனால் ஷட்டரை எப்போது தூக்கத் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை பன்றிமலைச் சரிவிலோ சிறுமலையிலோ மட்டும் கிடைப்பதில்லை. மூன்று நான்கு நாளுக்கு முன்னால் வங்காள விரிகுடாவின் தண்ணீர் எவ்வளவு ஆழம்வரை சூடாக இருந்தது என்பதும் அந்த விடையின் ஒரு பகுதி.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் கிழக்குக் கடலிலிருந்துதான் வருகிறது. மானாவாரிச் சோளமும் கடலையும் முருங்கையும் நம்பியிருக்கும் இந்தச் சமவெளிக்குக் கடலின் நிலவரம் வெளியூர்ச் செய்தி ஆகாது. இதை ஒத்துக்கொள்வோர் பலர். ஆனால் ஒத்துக்கொண்டதும் அவர்கள் கேட்பது இன்னும் அதிகக் கருவிகள், இன்னும் பெரிய கப்பல், இன்னும் ஒரு செயற்கைக்கோள். நான் இங்கே நிறுவ விரும்புவது வேறு. கடலைப் பற்றிய ஓர் எண்ணின் மதிப்பில் பெரும்பங்கு, அதை அளந்த பிறகு நடக்கும் வேலையில் இருக்கிறது. அந்த எண்ணை ஐயப்பட்டுப் பார்ப்பது, பக்கத்து எண்ணோடு ஒத்துப் பார்ப்பது, திருத்தினால் திருத்தியது தெரியும்படி எழுதிவைப்பது, எழுதியதை அழியாமல் காப்பது ஆகியவைதான் அந்த வேலை. இதற்குத் தொடக்க விழா கிடையாது, ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை. அதனாலேயே நிதி சுருங்கும்போது முதலில் கை வைக்கப்படுவதும் இந்த வேலையில்தான்.

முதலில் கருவியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆர்கோ மிதவை என்பது இடுப்புயரத்துக்கு மேல் நிற்கும் ஓர் உருளை. தலையில் ஆன்டெனா, அதன் பக்கத்தில் வெப்பத்தையும் உப்பையும் அழுத்தத்தையும் அறியும் உணரிகள். கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய், நீரோட்டம் இழுத்த பக்கம் ஒன்பது நாள் சும்மா நகர்ந்துகொண்டிருக்கும். பத்தாம் நாள் இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே ஏறத் தொடங்கும். இதற்கு விசிறியும் கிடையாது, துடுப்பும் கிடையாது. வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெயை அடியில் உள்ள ரப்பர்ப் பைக்குள் ஒரு சிறு பம்ப் தள்ளும். எடை மாறாமல் பருமன் மட்டும் கூடும், மிதவை ஏறும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் இறங்கும். மீன் தன் காற்றுப்பையை வைத்துச் செய்யும் அதே வேலைதான். ஏறிவர ஆறு மணி நேரம் போல ஆகும். வழியெல்லாம் அளந்துகொண்டே வந்து, மேற்பரப்பில் தலைநீட்டிச் செயற்கைக்கோளுக்கு எண்களை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். பேட்டரி தீர நான்கைந்து ஆண்டாகும். யாரும் போய் எடுத்துவருவதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய இந்தப் பன்னாட்டு முயற்சி, 2007 நவம்பரில் உலகக் கடல்களில் மூவாயிரம் மிதவைகள் என்ற இலக்கை எட்டியது. இப்போது ஏறக்குறைய நாலாயிரம் மிதவைகள். இந்தியா இதில் ஆரம்ப ஆண்டுகளிலேயே சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலுக்கான தரவு மையமாக ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், பணியாற்றுகிறது.

மிதவை அனுப்பிய எண் வந்து சேர்ந்ததும் அதன் மேல் கேள்விகள் தொடங்குகின்றன. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கணினி கேட்டு முடிக்கும் கேள்விகள் இவை. தேதி நடக்கக்கூடிய தேதியா? சொன்ன இடம் கடலா, தரையா? முன்பு இருந்த இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்கு வர வினாடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் வேகம் தேவைப்படுகிறதா? அப்படியானால் இடமோ நேரமோ பொய். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இரண்டரை டிகிரிக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கிறதா? பிறகு வருவது முள் போலத் துருத்திக்கொண்டிருக்கும் எண்ணைப் பிடிக்கும் சோதனை. அடுத்தடுத்த மூன்று ஆழங்களில் 28.1, 35.0, 27.9 டிகிரி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் உள்ளவற்றின் சராசரி 28. நடு எண் அதிலிருந்து 7 டிகிரி விலகி நிற்கிறது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியான 0.1ஐக் கழித்தால் 6.9. ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கு மேலே உள்ள நீரில் இந்த விடை 6ஐத் தாண்டக் கூடாது, அதற்குக் கீழே 2ஐத் தாண்டக் கூடாது. ஆகவே அந்த 35.0 தோற்றது. பாதியை ஏன் கழிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடலில் சில ஆழங்களில் வெப்பம் இயல்பாகவே சடாரென்று இறங்கும். அந்த உண்மையான சரிவைப் பிழை என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதற்கான முன்யோசனை அது. நல்ல சோதனை பிழையைத் தேடும்போதே உண்மைக்கும் இடம் விட்டுவைக்கிறது.

தோற்ற எண் என்ன ஆகும்? இங்கேதான் இந்த முறையின் நேர்மை இருக்கிறது. அதை அழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு குறி போடுகிறார்கள். நல்லது என்றால் 1, பெரும்பாலும் நல்லது என்றால் 2, பெரும்பாலும் கெட்டது 3, கெட்டது 4. கிராமக் கணக்கோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடங்கலில் ஒரு பதிவைத் திருத்த வேண்டுமானால் சுரண்டி எழுதக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி கோடு இழுத்து, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பசலி முடிவில் ஜமாபந்தி நடக்கும். வருவாய் அதிகாரி வந்து உட்கார்ந்து, ஆண்டு முழுவதும் எழுதிய கணக்கை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பார். ஆர்கோவிலும் ஜமாபந்தி உண்டு. ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஒரு நிபுணர் அந்த மிதவையின் முழு வரலாற்றையும் எடுத்துவைத்து, அருகில் மிதந்த பிற மிதவைகளோடும் கப்பல்கள் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் அளந்த நீரோடும் ஒப்பிடுகிறார். உப்பை அறியும் உணரியில் பாசி படியலாம், செய்யும்போதே ஒரு குறை சேர்ந்திருக்கலாம். அப்படியானால் அது நாளுக்கு நாள் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். ஒரு நாளைப் பார்த்தால் தெரியாது, மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். திருத்திய எண் தனி வரியில் ஏறுகிறது, மூல எண் தன் வரியில் அப்படியே இருக்கிறது, திருத்தத்தில் எவ்வளவு ஐயம் என்பது மூன்றாவது வரியில்.

கணினியே எல்லாம் பார்க்காதா என்றால், வங்காள விரிகுடா அதற்கு இடங்கொடுக்காது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் வந்து விழும் கடல் இது. பருவமழைக்குப் பிறகு வடக்கு விரிகுடாவின் மேல்நீரில் உப்பு மிகக் குறைந்துவிடும். லேசான நன்னீர் மேலே மூடி போலக் கிடப்பதால், அடிநீர் எளிதில் கலந்து மேலே வந்து குளிர்விக்க முடியாது. அந்த மூடிக்கு அடியில் சூடு தங்கிவிடும். மேலே போகும் புயலுக்கு அது தீவனம். அட்லாண்டிக் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த உப்புக் குறைவு கருவிக் கோளாறாகத் தோன்றலாம். எண்ணைத் தள்ளிவிட்டால் புயலுக்கான தடயத்தையே தள்ளிவிட்டதாகும். இந்தக் கடலைத் தெரிந்த ஆள் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்றும் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் கடலோடிகளின் அறிவும் இந்த மேசைக்கு வர வேண்டும். அவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சரிபார்த்தவர்கள்தான், ஏட்டில் எழுதவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இங்கே கடுமையான ஒரு மறுப்பு எழுகிறது. அளந்ததைப் பிறகு திருத்துகிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டிய விடை வரும்வரை திருத்துவீர்களா? புவி வெப்பமடைவதைப் பற்றிய வாதங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, ஆகவே விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்வதே சரியான விடை. 2006இல் ஜான் லைமன், ஜாஷ் வில்லிஸ், கிரிகரி ஜான்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், 2003க்கும் 2005க்கும் இடையில் உலகக் கடல்களின் மேற்பகுதி குளிர்ந்திருக்கிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு அது. ஆனால் செயற்கைக்கோள்களோ கடல்மட்டம் உயர்ந்துகொண்டே இருந்ததாகக் காட்டின. குளிர்ந்த நீர் சுருங்க வேண்டும், கடல் மட்டும் எப்படி உயரும்? கணக்கு நேராகவில்லை. தேடியபோது இரண்டு பிழைகள் கிடைத்தன. ஒரு வகை ஆர்கோ மிதவைகளில் அழுத்தம் தவறாகப் பதிவாகியிருந்தது. அழுத்தம் என்றால் ஆழம். கீழே எடுத்த வெப்பத்தை மேலே எடுத்ததாக எழுதினால் கடலே குளிர்ந்தது போலத் தோன்றிவிடும். இரண்டாவது பிழை, கப்பலிலிருந்து மெல்லிய கம்பியோடு வீசும் பழைய வெப்பமானிகளில். அவற்றில் ஆழத்தை அறியும் கருவியே கிடையாது. விழத் தொடங்கி எத்தனை வினாடி ஆயிற்று என்பதை வைத்து ஆழத்தை ஊகிப்பார்கள். அந்த வாய்பாடு கொஞ்சம் தப்பாக இருந்ததால், அவை கடலைச் சற்றுச் சூடாகவே காட்டிவந்தன. சூடாகக் காட்டும் பழைய கருவி குறைந்து, புதிய மிதவை பெருகிய அந்த ஆண்டுகளில் இல்லாத குளிர்ச்சி ஒன்று தாளில் உண்டாயிற்று. 2007இல் அதே மூவரும் தங்கள் முடிவைத் திருத்தி வெளியிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். தங்கள் கட்டுரை தவறு என்று அச்சில் சொன்னவர்கள் அதை எழுதியவர்களே. பிழை பிடிபட்டது தனியான வேறொரு கருவி, செயற்கைக்கோள், எதிர்ச்சாட்சி சொன்னதால். மூன்றாவதுதான் முக்கியமானது. பழைய வெப்பமானிகளின் பிழையைத் திருத்தியபோது, 1970களில் கடல் அளவுமீறிச் சூடாகியிருந்ததாகத் தெரிந்த ஒரு மேடும் தணிந்துவிட்டது. அதாவது திருத்தம் ஒரு பக்கமாகச் சாயவில்லை. வேண்டிய விடைக்காகத் திருத்துகிறவர் அந்த மேட்டைக் கைவைக்காமல் விட்டிருப்பார். மூல எண்களும், எந்தக் கருவி, எந்த ஆண்டு, எந்த வாய்பாடு என்ற குறிப்புகளும் பத்திரமாக இருந்ததால்தான் முப்பது ஆண்டு பழைய பிழையைக்கூடப் போய்த் திருத்த முடிந்தது. 2015க்குப் பிறகு சில தொகுதி உணரிகள் உப்பை மிகுத்துக் காட்டத் தொடங்கியபோதும் இதே பாதுகாப்புத்தான் உதவியது. கடல்மட்ட உயர்வு ஒரு பக்கம். உருகிச் சேர்ந்த நீரின் எடையும் கடல்நீர் விரிந்ததும் சேர்ந்த கூட்டல் மறு பக்கம். இரண்டு பக்கமும் நேராகாமல் இழுத்தபோது தேடி, கோளாறுகளில் ஒன்று அந்த உணரிகளில் என்று கண்டார்கள். ஆகவே திருத்தம் நடக்கிறதா என்று கேட்பதைவிட, திருத்தியதன் தடம் இருக்கிறதா என்று கேட்பதே சரியான கேள்வி. தடம் இல்லாத எண்ணை நம்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

செயற்கைக்கோள் இத்தனை இருக்கும்போது மிதவை எதற்கு என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்டின் மூன்றாம் தலைமுறைக் கோள் உட்பட எந்தக் கோளும் கடலின் தோலைத்தான் பார்க்கும். தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாது, ஒளியும் வெகுதூரம் போகாது. புயலோ ஐம்பது நூறு மீட்டர் ஆழம்வரை உள்ள சூட்டைக் கலக்கி உறிஞ்சுகிறது. மேல்தோலைப் பற்றிக் கோள் சொல்வதும் சரிதானா என்று அளந்து பார்ப்பதே மிதவைகளை வைத்துத்தான்.

எடுக்கத் தவறிய அளவைப் பிற்பாடு எடுக்க முடியாது. அமெரிக்கா பசிபிக்கின் நிலநடுக்கோட்டில் எல் நினோவைக் கவனிக்க நங்கூரமிட்ட மிதவை வரிசை ஒன்றை வைத்திருந்தது. 2012இல் அதைப் பராமரித்த கப்பலை ஓய்வுபெறச் செய்தார்கள். மிதவைகளைத் துடைக்கவும் பேட்டரி மாற்றவும் ஆளில்லாமல், ஈராண்டுக்குள் வரவேண்டிய தரவில் நாற்பது விழுக்காடு அளவுதான் வந்தது. நம் பக்கத்திலும் இழப்பு உண்டு, வேறு வகையில். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பின்பாதியிலிருந்து நங்கூர மிதவைகளை இறக்கிவருகிறது. இன்றைய மிதவைகள் ஐந்நூறு மீட்டர் ஆழம்வரை உணரிகளைத் தொங்கவிட்டிருப்பவை. மிதவை நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகு கூடும். அதில் கயிறு கட்டுவதும், வலை சிக்கிக் கம்பி அறுவதும், சூரியத் தகடு காணாமல் போவதும் நடக்கின்றன. மீனவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கைப்பேசியில் பார்க்கும் அலை உயர எச்சரிக்கைக்கு அந்த மஞ்சள் மிதவையும் ஒரு சாட்சி என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்வது பராமரிப்புச் செலவின் பகுதியாக வேண்டும். சொல்லப்போனால், அது கப்பல் டீசலைவிட மலிவு.

சேர்த்துச் சரிபார்த்த எண் போய்ச் சேர வேண்டியவரிடம் சேர்ந்ததா என்பது அடுத்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது. நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் இருந்த கடல்மட்ட அளவி அந்த அலைகளை ஒழுங்காகப் பதிவு செய்தது. பதிவு அங்கேயே இருந்தது, உடனுக்குடன் எங்கும் போகவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 2007 அக்டோபரில் இன்காய்ஸில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல், அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் முதல் அறிக்கை வெளிவந்தது. சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். அந்த நடுக்கத்தில் பாறைத் தட்டுகள் மேல்கீழாக அசையாமல் பக்கவாட்டில் உரசின. ஆழ்கடல் அழுத்தமானிகளும் கரையோர அளவிகளும் சிறு அலைகளையே காட்டின. அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கையைத் தளர்த்த முடிந்தது. ‘ஓடு’ என்று சொல்வதற்கு எவ்வளவு தரவு வேண்டுமோ அதைவிட அதிகத் தரவு வேண்டும், ‘ஓட வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்’ என்று பொறுப்போடு சொல்வதற்கு.

2017 நவம்பர் முடிவில் வந்த ஒக்கி இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எவ்வளவு பலவீனம் என்று காட்டியது. குமரிக்குத் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்தது ஓரிரு நாளுக்குள் புயலாயிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்னரே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போக வழியே இல்லை. செயற்கைக்கோள் வழியே நடுக்கடலில் செய்தி வாங்கும் ஜெமினி என்ற கருவி 2019இல்தான் வந்தது. கரையிலும் இதே கதைதான். 2024 மே தொடக்கத்தில், தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய நெடிய அலைகள் வரும் என்று இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திடீரென ஏறிவருவதால் அந்தப் பெயர். எச்சரிக்கை இருந்தும் குமரிக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தார்கள். கடலைப் பழகாத உள்நாட்டுப் பிள்ளைகள் சுற்றுலா போகும் கடற்கரைகளில் இந்த எச்சரிக்கை பலகையில் எழுதி நிற்க வேண்டும். எரியோட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

நம் விவசாயிக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி மேற்கைவிடச் சூடாக இருந்தது. 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகட்டா ஆகியோர் விளக்கிய இருமுனை நிலையின் எதிர்முகம் அது. பசிபிக்கில் லா நினாவும் தலைகாட்டியது. இரண்டும் நம் மழைக்கு ஆகாதவை என்று ஒரு பொதுவிதி உண்டு. ஆனால் 2021இலும் அதே இரண்டும் கூடியிருந்தன, மழையோ இயல்பைவிடச் சுமார் அறுபது விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. அப்படியானால் இந்த அறிவியலை நம்பி விதைக்கலாமா? மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லும் கணிப்பை மட்டும் நம்பி ஒருவர் கடன் வாங்கி விதைக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதே சமயம் 2021 தரும் பாடம் அளப்பதை நிறுத்து என்பதன்று. இருமுனை நிலையைக் கண்டு சொல்லியே இன்னும் முப்பது ஆண்டாகவில்லை, கடலின் உட்பகுதியை ஒழுங்காக அளக்கத் தொடங்கி இருபதாண்டுக்குச் சற்று மேல். இருபது பருவத்தை வைத்து ஒரு விதியைச் சொன்னால் அது அவ்வளவு தூரம்தான் தாங்கும். இன்று விவசாயிக்கு நிச்சயமாகப் பயன்படுவது நான்கைந்து நாள் முன்னறிவிப்பு. மருந்தடிப்பதா, கடலை பறித்துக் காயப்போடுவதா, அறுவடையைத் தள்ளிவைப்பதா என்பதற்கு அது போதும். அந்த முன்னறிவிப்புக் கணினியில் ஓடத் தொடங்கும் முதல் நொடியில் உள்ளே போவது கடலின் இன்றைய நிலை.

நீண்டகாலப் பதிவு என்ன தரும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்து மலைமேலேயே இருக்கிறது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும், அதைக் கண்டுபிடித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் வலுத்தது. கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1899இல் கூடம் எழுந்தது, 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்தார்கள். சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்லும் ஆசை நிறைவேறவில்லை. அதே 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் அந்தத் தொடர்பைக் கணக்கிட்டுப் பார்த்து, நம்பத் தகுந்ததாக இல்லை என்று ஒதுக்கினார். உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை விடாமல் ஒத்துப் பார்த்தபோதுதான், பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே ஊஞ்சல் போல ஏறி இறங்கும் அழுத்தத்தை 1920களில் அடையாளம் கண்டார். எல் நினோவைப் பற்றிய இன்றைய அறிவுக்கு அது ஓர் அடித்தளம். கொடைக்கானல் கண்ணாடித் தட்டுகளும் வீணாகவில்லை. ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் குறித்துக் காத்துவைத்திருந்ததால், அவற்றைக் கணினியில் ஏற்றி, நூறாண்டுச் சூரியனை உலகம் இன்று ஆராய்கிறது. தேதி எழுதாமல் விட்டிருந்தால் அத்தனையும் வெறும் கண்ணாடி. எதற்காகச் சேர்த்தோமோ அதற்கு உதவாமல், நினைத்தே பார்க்காத ஒன்றுக்கு அது உதவியிருக்கிறது. இன்று வங்கக் கடலில் எடுக்கும் உப்பின் அளவு 2100இல் எந்தக் கேள்விக்கு விடையாகும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் கருவியின் எண், செய்த ஆண்டு, செய்த திருத்தம் எல்லாவற்றையும் கூடவே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

குழாயில் தண்ணீர் வராத ஊரில் கடலுக்குச் செலவா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஓர் ஆர்கோ மிதவையின் விலை ஏறத்தாழ இருபதாயிரம் டாலர், ஒன்றிரண்டு டிராக்டர் விலை. இதை நிறுத்தினால் அந்தப் பணம் எரியோட்டுக் குழாய்க்கு வரும் என்று எந்த நிதிநிலை அறிக்கையும் சொல்லவில்லை. குழாய்க்குத் தண்ணீர் தரும் ஆற்றில் எப்போது வெள்ளம், எப்போது வறட்சி என்பதோ இந்தச் செலவோடு கட்டப்பட்டிருக்கிறது. கடல் தரவை வெளிநாட்டோடு பகிரலாமா என்ற கவலையும் உண்டு. நீரின் வெப்பமும் உப்பும் தெரிந்தால் அதில் ஒலி எப்படிப் போகும் என்று தெரியும், ஒலி தெரிந்தால் நீர்மூழ்கிக் கப்பல் எங்கே ஒளியலாம் என்று தெரியும். ஆகவே சிலவற்றைச் சில காலம் பூட்டிவைப்பதை நான் குறை சொல்லவில்லை. பூட்டுக்குள்ளும் அது சரிபார்த்த நிலையில் இருக்க வேண்டும், காலம் கடந்ததும் ஆய்வாளர்களுக்குத் திறக்க வேண்டும். நாம் பயன்படுத்தும் முன்னறிவிப்பில் பிற நாட்டு மிதவைகளின் எண்களும் கலந்திருக்கின்றன.

இந்த ஊரிலிருந்து கடல் கணக்குக்குச் சேர்க்கக்கூடிய பங்கு ஒன்று உண்டு. கடலை வைத்துச் சொன்ன மழை, சொன்னபடி பெய்ததா என்று கடைசியில் ஒத்துப் பார்ப்பது தரையில் இருக்கும் மழைமானியை வைத்துத்தான். ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு, மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று தவறாமல் எழுதி, அளக்க மறந்த நாளில் பூஜ்யம் போடாமல் ‘அளக்கவில்லை’ என்று எழுதும் ஒரு பள்ளிக்கூடப் பதிவேடு பத்தாண்டு நீடித்தால், அது கணிப்பாளர்களுக்கு உதவும் சான்று. பூஜ்யத்துக்கும் ‘அளக்கவில்லை’க்கும் உள்ள வேறுபாட்டை எட்டாம் வகுப்பில் கற்ற பிள்ளைக்கு, நான் மேலே சொன்ன குறியீடுகளை விளக்க அரை மணி நேரம் போதும். இன்காய்ஸ் இருக்கும் ஹைதராபாத்திலிருந்தும் கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே திரையின் முன் உட்கார்ந்து, நேற்று இரவு வங்காள விரிகுடாவில் தலைநீட்டிய ஒரு மிதவையின் எண்களில் எது 1, எது 4 என்று பிரிக்கும் வேலைக்குப் படகு ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. எரியோட்டு மழைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை போதும்.